ராம்நாடு கரைக்குக் காரில் வருகிறவர்களுக்கு: மதுரையைத் தொடாத வழிகள்

கோயம்புத்தூர்க்காரரைக் கேட்டாலும் பெங்களூரில் இருக்கும் உறவுக்காரரைக் கேட்டாலும், இராமேசுவரத்துக்கு வழி மதுரைதான் என்பார்கள். பஸ்ஸில் வருகிறவருக்கு அது சரி. சொந்த வண்டியில் வந்து காலை ஒன்பதரைக்கு மதுரைக்குள் மாட்டிக்கொண்டால், சிக்னல் சிக்னலாக நிற்கும் நேரத்தில் திருப்பாச்சேத்தியே தாண்டியிருக்கலாம்.

நகரங்களைத் தவிர்ப்பது உண்மையில் சுலபம். ஒரு மணி நேரம் மேப்பைப் பார்த்தால் வழி கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வந்து சேரும் இந்தக் கரைச் சீமையில்தான் மேப்புக்குத் தெரியாத தடைகள் இருக்கின்றன: தை அமாவாசைக் கூட்டம், பாதயாத்திரை, தார் ரோட்டில் காயும் மிளகாய், மீன் வண்டி சிந்திய தண்ணீர், ராத்திரி ரோட்டில் படுத்திருக்கும் மாடு. எல்லாம் நாளும் பொழுதும் பார்த்து வருபவை. அதனால் மேப்பைத் திறப்பதற்கு முன் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள்.

அமாவாசை எந்தத் தேதி என்பது முதல் கேள்வி. ஆடி, புரட்டாசி, தை ஆகிய மூன்று அமாவாசைக்கும் முந்தைய நாள் மதியத்திலிருந்தே இராமேசுவரம் சாலை கனத்துவிடும். தர்ப்பணத்துக்குக் கூட்டம் வருவது அக்னி தீர்த்தத்துக்கு மட்டும் இல்லை. தேவிபட்டினம், திருப்புல்லாணிக்குப் பக்கத்துச் சேதுக்கரை, சாயல்குடிக்குப் பக்கத்து மாரியூர் என்று கரை நெடுகப் பிரிந்து போகும். அன்றைக்கு இராமேசுவரத்தை விட்டுவிட்டுத் தேவிபட்டினம் வழியாகத் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அங்கேயும் வரிசைதான். மற்ற மாத அமாவாசைகளில் கூட்டம் குறைவு, ஆனாலும் இல்லாமல் இருக்காது.

கார்த்திகை தொடங்கித் தை பிறக்கும் வரை ஐயப்ப சாமிமார் வண்டிகள். சபரிமலை முடித்துவிட்டு ஆந்திரா, கர்நாடகா பதிவெண்ணோடு வேனும் பஸ்ஸும் ராத்திரியெல்லாம் ஓடி இராமேசுவரம் வரும். கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; விடியற்காலை மூன்று மணிக்கு எதிரே வரும் வேனின் டிரைவர் எத்தனை நாள் தூங்காதவர் என்பதுதான் கவலை. இந்த இரண்டு மாதத்தில் பரமக்குடி – இராமநாதபுரம் துண்டை இருட்டில் ஓட்டாமல் இருப்பது நல்லது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழி, அதற்கப்புறம் இருவழி. அந்த 46.7 கிலோமீட்டரை நாலுவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை நடக்கும் காலத்தில் மாற்றுப்பாதை இருக்கும் என்று நினைத்தே நேரம் ஒதுக்குங்கள்.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 28, 29, 30 பசும்பொன்னில் தேவர் குருபூசை. இந்த நாட்களில் மாவட்டத்தில் தடை உத்தரவு, சோதனைச்சாவடி, வண்டிகளுக்கு வழி மாற்றம் எல்லாம் உண்டு. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி வழியாக வெளியூர் வண்டியில் போக இது நாளே இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, தேவிபட்டினம் வழியாக வடக்கிலிருந்து இறங்குங்கள். முடிந்தால் பயணத்தையே ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வாடகை வண்டி என்றால் தள்ளிப்போடுவது ஒன்றுதான் வழி.

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், நாகப்பட்டினம் வழியாக வர நினைப்பவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதை மறக்க வேண்டாம். சென்னையிலிருந்தே காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் ரோட்டின் இடது ஓரத்தில் இரவும் பகலும் போய்க்கொண்டிருப்பார்கள். அதேபோலத் தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாட்களில் காரைக்குடி, குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனிப் பாதயாத்திரை போகும். மதுரையைத் தவிர்க்க நான் கீழே சொல்லப்போகும் வழியும் அதேதான். பூசத்துக்கு முன் அந்த வழியில் வந்தால் பகலில் மட்டும் வாருங்கள்.

இனி வழி.

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வரை வழக்கமான பாதைதான். திண்டுக்கல் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே வந்து நத்தம் ரோட்டைப் பிடிக்க வேண்டும். நத்தத்தில் வலப்பக்கம் மதுரை என்று போர்டு கைகாட்டும். திரும்பாமல் கொட்டாம்பட்டிக்கு வாருங்கள். அங்கே திருச்சி – மதுரை நாலுவழிச் சாலை குறுக்கே வரும். அதைக் கடந்தால் சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி. இது தேசிய நெடுஞ்சாலை 383. காரைக்குடி பைபாஸில் 536 வந்து சேரும். அதில் தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம், தேவிபட்டினம், இராமநாதபுரம். மதுரை வழியைவிட இருபது முப்பது கிலோமீட்டர் கூடத்தான் ஆகும். ஆனால் ஒட்டன்சத்திரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் ஒரு பெரிய நகரத்துக்குள்ளும் நீங்கள் நுழைவதில்லை.

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் சேலம், நாமக்கல், கரூர் மூன்றையும் பைபாஸில் தாண்டித் திண்டுக்கல் வந்து இதே வழியில் சேர்ந்துகொள்ளலாம். அவர்களுக்கு நகரத்தைவிடத் தொப்பூர்க் கணவாய்தான் பிரச்சினை. இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் சாய்ந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். தர்மபுரியை விட்டுப் புறப்படும்போது மேப்பில் அந்த இடம் சிவப்பாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

சென்னைக்காரர்களுக்கு மூன்று வழி. முதலாவது திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி. தூரத்தில் கச்சிதமானது, இடைஞ்சல் திருச்சி மட்டும். காவிரிப் பாலம் தாண்டியதும் சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர், டிவிஎஸ் டோல்கேட் என்று நாலு இடத்தில் மூச்சு முட்டும். காலை எட்டு மணிக்குள் தாண்டினால் ஒன்றும் தெரியாது. தாம்பரத்திலிருந்து திருச்சி சுமார் 300 கிலோமீட்டர். நாலுவழியில் சராசரி 75 என்றால் நாலு மணி நேரம். விடியற்காலை மூன்றரைக்குப் புறப்பட்டால் ஏழரைக்குத் திருச்சி. எட்டைத் தாண்டும் என்று தெரிந்தால் புதுக்கோட்டை ரோட்டுக்குத் திரும்பவே வேண்டாம். நாலுவழியிலேயே விராலிமலை, துவரங்குறிச்சி தாண்டிக் கொட்டாம்பட்டி வந்து இடப்பக்கம் சிங்கம்புணரிக்குத் திரும்புங்கள். தூரம் கூடும், எரிச்சல் குறையும்.

இரண்டாவது, விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம், தஞ்சாவூர், கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை. இதில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான ஐம்பது கிலோமீட்டர் நாலுவழியை 2025 ஜூலையில் திறந்தார்கள். முகூர்த்த நாளில் மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம். ஊர் ஊருக்குக் கல்யாண மண்டபம், வாசலில் இரண்டு வரிசை கார்.

மூன்றாவது ஈசிஆர். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், எஸ்.பி. பட்டினம், தொண்டி. பெயர்களைப் படிக்கும்போதே ஆசை வரும் வழி. ஆனால் ஒரே நாளில் ஓட்டுகிறவர்களுக்கு இது சரிப்படாது. புதுச்சேரியில் கோட்டக்குப்பத்தில் தொடங்கி அரியாங்குப்பம் முடியும் வரை நெரிசல், கடலூரிலும் அப்படியே. இரண்டு நாள் கையில் இருந்து, காரைக்காலிலோ வேளாங்கண்ணியிலோ ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தால் இதை எடுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ரோட்டில் உங்கள் வண்டியும் சில ஆடுகளும்தான்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மதுரையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், வேம்பார் வந்து ஈசிஆரைப் பிடித்தால் சாயல்குடி, சிக்கல், ஏர்வாடி, கீழக்கரை, இராமநாதபுரம். நாகர்கோவில்காரர்களுக்குத் தூத்துக்குடியிலிருந்து இதே கரைச் சாலை, சுமார் 120 கிலோமீட்டர். ராஜபாளையம், விருதுநகர்ப் பக்கம் என்றால் அருப்புக்கோட்டை, கமுதி, முதுகுளத்தூர்.

மதுரையை விட முடியாத வேலை இருந்தால், ரிங் ரோடு இருக்கிறது. திண்டுக்கல் பக்கமிருந்து வந்தால் கப்பலூர் வரை போய் அங்கிருந்து மண்டேலா நகர், விரகனூர். மேலூர் பக்கமிருந்து வந்தால் மாட்டுத்தாவணிக்குள் நுழையாமல் நேரே விரகனூர். விரகனூர்ச் சந்திப்பில் இராமேசுவரம் சாலை. சித்திரைத் திருவிழா வாரத்தில் இதையும் மறந்துவிடுங்கள். மேலூரிலிருந்து சிவகங்கை, மானாமதுரை என்று குறுக்கே வந்து பரமக்குடிச் சாலையில் சேரலாம்.

வழியை முடிவு செய்த பிறகு மேப்பில் ஏற்றும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் தப்பு, ஊர்ப் பெயரை எழுதி வந்த முதல் விடையை அமுக்குவது. இந்த வழியில் இருக்கும் பல ஊர்களுக்கு வேறெங்கோ இரட்டைப் பிறவி உண்டு. ‘திருப்பத்தூர்’ என்று போட்டால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பதில் ஜோலார்பேட்டை பக்கத்துத் திருப்பத்தூர் வரும். ஏர்வாடி, திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. தேவிபட்டினம், தென்காசிப் பக்கம் ஒன்று. சிக்கல்தான் பெயருக்கேற்ற சிக்கல்: நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிங்காரவேலர் கோயில் சிக்கல், சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடையில் இன்னொரு சிக்கல். பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். அல்லது விரலால் அந்த இடத்தை அழுத்திப் பின் குத்துங்கள்.

பின் குத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஊர் நடுவில் குத்தினால் பைபாஸில் போக வேண்டிய வண்டியை மேப் பஸ் ஸ்டாண்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். திரும்ப வேண்டிய சந்திப்பின் மேலேயே குத்தினாலும் சில சமயம் மேம்பாலத்துக்கு மேலா கீழா என்று அதற்குக் குழப்பம். திரும்பிய பிறகு வரும் ரோட்டில், அரை கிலோமீட்டர் தள்ளிக் குத்துங்கள். உதாரணமாகத் திருச்சியிலிருந்து வருகிறவர் கொட்டாம்பட்டியில் குத்த வேண்டாம். சிங்கம்புணரி ரோட்டில் அரை கிலோமீட்டர் உள்ளே குத்த வேண்டும். நாலுவழிச் சாலையில் குத்துவதாக இருந்தால் திரையை நன்றாகப் பெரிதாக்கி, நீங்கள் போகும் பக்கத்துத் தடத்தில் குத்துங்கள். எதிர்த் தடத்தில் விழுந்துவிட்டால், அந்தப் புள்ளியைத் தொடுவதற்காகவே அடுத்த யூடர்ன் வரை கூட்டிப்போய்த் திருப்பி அழைத்து வரும். இதே காரணத்தால் போன வழியை அப்படியே புரட்டித் திரும்பும் வழியாக்காதீர்கள். திரும்புவதற்குத் தனியாகப் பின்கள் போட்டுத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பில் ஒரு பயணத்துக்கு ஒன்பது நிறுத்தம் வரை சேர்க்கலாம். ஐந்தாறுக்கு மேல் தேவைப்படாது. ‘டோல் தவிர்’ என்பதை நிறுத்தி வையுங்கள். அதைப் போட்டு வைத்தவர்களைத்தான் மேப் பைபாஸிலிருந்து இறக்கி ஊருக்குள் ஓட்டும். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் கட்டும் காசை மிச்சம் பிடிக்கப் போய் டீசலில் அதைவிட அதிகம் செலவாகும். கரைப்பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். இராமநாதபுரம் மாவட்ட மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி முன் சீட்டுக்காரர் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. டீக்கடையில் வண்டியை நிறுத்தி “அண்ணே, ஆர்.எஸ். மங்கலம் இப்படித்தானே?” என்று கேட்க அந்தத் தாள் உதவும், மேப் உதவாது.

மேப் செய்யும் இன்னொரு வேலை, இரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்று கிராமத்து ரோட்டுக்குள் திருப்பிவிடுவது. இந்த மாவட்டத்தில் கிராமத்து ரோடு பல இடங்களில் கண்மாய்க் கரை மேல்தான் போகும். ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல் பள்ளம். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அது பெரும்பாலும் காராகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும். மூழ்கிய தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று பாருங்கள். ஓடினால், முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் இறக்காதீர்கள். ஓரக்கல் தெரியாமல் போனால் ரோடு எங்கே முடிகிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள். நாரையே பறந்து கடக்க முடியாத அகலமாம். நிறைந்திருக்கும் வருஷத்தில் அதைப் பார்க்கவே அந்த வழியில் வரலாம், மெயின் ரோட்டிலிருந்தே.

நேரக் கணக்கை மேப் சொல்வதை வைத்துப் போடாதீர்கள். நாலுவழிக்கு மணிக்கு 75, இருவழிக்கு 50, ஊருக்குள் 20 என்று துண்டு துண்டாகக் கூட்டுங்கள். கோயம்புத்தூர் – திண்டுக்கல் சுமார் 160 கிலோமீட்டர், கலப்பான சாலை, இரண்டே முக்கால் மணி. திண்டுக்கல் – காரைக்குடி சுமார் 115, இரண்டேகால் மணி. காரைக்குடி – இராமநாதபுரம் சுமார் 85, ஒன்றே முக்கால். அங்கிருந்து இராமேசுவரம் 55, ஒரு மணிக்குச் சற்று மேல். கூட்டினால் எட்டு மணி; சாப்பாடு, டீ, பாத்ரூம் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணி சேருங்கள். காலை ஐந்துக்குக் கிளம்பினால் இரண்டரைக்கு இராமேசுவரம். எட்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணி, அதாவது வெளிச்சம் போகிற நேரத்துக்குப் பாம்பன். இங்கே புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பது சூரியன்தான்.

ஏன் என்றால் ராத்திரி. ஈசிஆரில் ஊர்களுக்கு இடையே விளக்குக் கம்பம் கிடையாது. பகலெல்லாம் காய்ந்த தார் ராத்திரியும் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் மேல் மாடு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு. எதிர் வண்டிக்காக லைட்டை டிம் பண்ணினால் உங்களுக்குத் தெரிவது நாற்பது, ஐம்பது மீட்டர். 80 வேகத்தில் போகிறவர் மாட்டைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை வினாடி, அதற்குள் 33 மீட்டர். பிறகு நிற்க இன்னொரு 35. மொத்தம் 68. மாடு ஐம்பதில் இருக்கிறது. 60 வேகத்தில் அதே கணக்கு 25-உம் 20-உம், 45 மீட்டரில் நின்றுவிடும். டிம் லைட்டில் 60, அதற்கு மேல் இல்லை.

மாசி பிறந்தால் மிளகாய். முண்டு மிளகாய்க்குப் பேர்போன சீமை, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. களத்தில் இடம் போதாமல் தார் ரோட்டின் ஒரு தடத்தில் பரப்பிவிடுவார்கள். அது சிவப்பாக இருப்பதால் தூரத்திலேயே தெரியும். ஆபத்து மிளகாயைச் சுற்றி வைத்த கல்லில் இருக்கிறது. வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் தலையளவு கற்களை வரிசையாக வைப்பார்கள். சாயங்காலம் மிளகாயை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். ராத்திரி அது உங்கள் முன் சக்கரத்துக்குத்தான். மிளகாய்ப் பரப்பைக் கடக்கும்போது ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் போடுங்கள். முன்னால் போன லாரி நெரித்த தூள் உள்ளே வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. தை மாத அறுவடையில் இதே இடத்தில் வைக்கோலும் கதிரும் இருக்கும். அதன் மேல் ஏற்றாமல் சுற்றிப் போங்கள். அடியில் சுற்றிக்கொண்ட வைக்கோல் சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். ஏற்றியே ஆக வேண்டியிருந்தால் தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பாருங்கள்.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். ரோட்டோரம் நிழல் என்று தெரிவது சீமைக்கருவேல மரமாகத்தான் இருக்கும். தாரை விட்டு மண்ணில் இறக்கினால் உதிர்ந்த முள் டயரில் ஏறும். ஆணி போலச் சத்தம் கேட்காது, உடனே காத்தும் இறங்காது. உள்ளே போய் முனை ஒடிந்து, வெளியே கடுகளவு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். மறுநாள் காலை லாட்ஜ் வாசலில் டயர் பாதி உட்கார்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், நுரை குமிழிட்டால் முள்தான். அங்கேயே பிடுங்காதீர்கள், முள் தானே அடைப்பாகவும் இருக்கிறது. காத்து அடித்துக்கொண்டு பஞ்சர் கடை வரை போய் அங்கே எடுக்கச் சொல்லுங்கள். டியூப்லெஸ் ஒட்டும் கிட், பன்னிரண்டு வோல்ட் பம்பு, காத்து இருக்கும் ஸ்டெப்னி, இந்த மூன்றும் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். ஸ்டெப்னியில் காத்து பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன் யோசியுங்கள்.

பைக்கில் வருகிறவர்களுக்கு மீன் வண்டி. இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். எனவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் ஐஸ் ஏற்றிய மீன் வண்டிகள் மேற்கே ஓடும். பின்கதவிலிருந்து சொட்டும் தண்ணீரில் மீன் கொழுப்பும் சேர்ந்திருக்கும். வளைவிலும் வேகத்தடையிலும் அது கொத்தாகச் சிந்தி, ஈரம் காய்ந்த பிறகும் வழுக்கும். மீன் வண்டிக்குப் பின்னால் போகாதீர்கள், சக்கரத் தடத்தில் பளபளப்புத் தெரிந்தால் வளைவில் பிரேக்கைத் தொடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலமும் அதுதான்.

இராமநாதபுரம் ஊருக்குள் உங்களுக்கு வேலை இல்லை என்றால் அரண்மனை, கேணிக்கரைப் பக்கம் நுழையாதீர்கள். இராமேசுவரம் போகிறவர்களுக்குப் பட்டணம்காத்தான் ஈசிஆர் சந்திப்பு. அங்கிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன். டீசலைக் குறைவாக வைத்துக்கொண்டு வந்திருந்தால் இராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் தீவுக்குள் பங்கில் வரிசை நிற்கும். எலெக்ட்ரிக் கார் என்றால் காரைக்குடியில் ஒரு சார்ஜ், இராமநாதபுரத்தில் ஒரு சார்ஜ் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் மாற்றாக இன்னொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றுக்கு எதிராக ஓட்டினால் வழக்கமான தூரம் வராது.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டர் சொச்சம், இருவழி. நெரிசலுக்கு ஒரே காரணம், நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு, ரயில் வரும் நேரத்தில் இது இன்னும் மோசம். பார்க்க ஆசை இருந்தால் பாலம் முடிந்த பிறகு வண்டியை ஓரம்கட்டிவிட்டு நடந்து வாருங்கள். ஆனி, ஆடியில் பக்கக் காற்று பலமாக அடிக்கும். கூரை மேல் லக்கேஜ் கட்டிய வண்டிகள் கயிற்றை மண்டபத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

தனுஷ்கோடிக்கு மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள். சாயங்காலம் போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிடும். அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. காற்று மணலை ரோட்டின் மேல் கொண்டுவந்து போடும் இடங்களில் வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் நேராகத் தாண்டுங்கள். வண்டி திருப்புகிறேன் என்று தாரை விட்டு இரண்டு சக்கரம் மணலில் இறங்கினால் முடிந்தது. மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். ஓட்டும் சக்கரங்களில் காத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, முன்னால் இருக்கும் மணலைக் கையால் தள்ளிவிட்டு, கால்மிதியை டயருக்கு அடியில் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். வெளியே வந்ததும் பம்பு போட்டுக் காத்தை நிரப்பாமல் வேகமாக ஓட்ட வேண்டாம். கடல் மணல் பட்ட வண்டியை ஊர் திரும்பும் வரை அப்படியே வைக்காமல், இராமநாதபுரத்தில் வாட்டர் சர்வீஸ் விட்டு அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்கள். மேலே பாலிஷ் எல்லாம் வேண்டாம், அடியில் தண்ணீர் அடித்தால் போதும்.

திரும்பும்போது அதே வழியில் போக வேண்டியதில்லை. தெற்கே போகிறவர்கள் கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்கிக்கொண்டு சாயல்குடியை நோக்கிப் போங்கள். பழைய கீழக்கரைத் தெருக்களுக்குள் காரை விட வேண்டாம், முக்கு ரோட்டிலேயே கடை இருக்கிறது. சாயல்குடியில் பங்க் பார்த்தால் நிரப்பிவிடுங்கள். அதற்கப்புறம் வேம்பார், வைப்பார், குளத்தூர் என்று ஊர்கள் சிறுத்துவிடும். உப்பும் மரக்கரியும் ஏற்றிய லாரிகள் மூட்டை பிதுங்க மெதுவாகப் போகும். ரோடு நேராகத்தான் இருக்கும், ஆனால் பனைமர வரிசைக்குப் பின்னாலிருந்து பைக் எப்போது ஏறும் என்று தெரியாது. ஒரு ஹாரன் கொடுத்துவிட்டே முந்துங்கள்.

சென்னை திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டைத் தொடாதபடி கணக்குப் போடுங்கள். சனி ராத்திரி காரைக்குடியிலோ தஞ்சாவூரிலோ தங்கி, ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு. அது முடியாமல் மாலைதான் வந்து சேர்வீர்கள் என்றால், போரூர், ஆவடிப் பக்கத்துக்காரர்கள் சிங்கப்பெருமாள்கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாகவும், திருவான்மியூர், அடையாறு பக்கத்துக்காரர்கள் திண்டிவனத்தில் பிரிந்து மரக்காணம் வழியாகவும் போகலாம். மரக்காணத்தில் ஈசிஆர் ஏறும் முன் மாமல்லபுரம் பக்கம் மேப்பில் என்ன நிறம் என்று பாருங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதுவும் சிவப்பாக இருந்தால், மரக்காணத்திலேயே ஒரு டீயைக் குடித்துவிட்டு எட்டரை வரை உட்கார்ந்திருப்பதுதான் சீக்கிரம் வீடு சேரும் வழி.